பையர் தூங்காமல் பார்க்கிற படம்

(திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடத்துவோர் கூட்டத்தில் பேசியது)

வணக்கமுங்க. மேடையில் இருக்கும் பெரியவர்கள் பெயரையெல்லாம் சொல்லி முடித்தால் எனக்குக் கொடுத்த நேரம் போய்விடும். கம்பெனிகளுக்குப் படம் எடுப்பது என் தொழில், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பாதிப் பேர் கம்பெனிக்கு ஒரு படம் எடுத்து வைத்திருப்பீர்கள். ட்ரோன் மேலே ஏறும், வெள்ளைக் கட்டடம் தெரியும், மாலை போட்ட ஐயா படம், புதுத் தொப்பி மாட்டிய டெய்லர்கள், அப்புறம் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையரோடு கைகுலுக்கல். தரம், நேர்மை, உழைப்பு என்று ஒரு கனத்த குரல் அடுக்கிக்கொண்டே போகும். பக்கத்துக் கம்பெனி பேரை ஒட்டினாலும் அந்தப் படம் அப்படியே பொருந்தும். இதை யாருங்க பார்க்கிறது? ஆயுத பூஜை அன்று நாமே போட்டு நாமே பார்க்கிறோம்.

அரசாங்கத்துக்கே இதுதான் நடந்தது. 1948-இல் செய்திப் படமும் டாக்குமெண்டரியும் எடுக்க அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது. அதன் படத்தை ஓட்டிவிட்டுத்தான் தியேட்டரில் மெயின் படம் போட வேண்டும் என்பது அப்போது கட்டாயம். நல்ல படங்களும் அதில் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் டூரிங் டாக்கீஸில் அது ஓடுகிற நேரம் முறுக்கு வாங்குகிற நேரம்.

1935-இல் லண்டனில் 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார்கள். செலவு கேஸ் கம்பெனிக்காரர்களுடையது. ஆனால் பார்த்தவர் மனதில் நிற்பது குடிசைப் பகுதி ஜனங்கள்தான்; இடிந்த வீட்டுக்குள்ளேயே நின்று, கேமராவைப் பார்த்து, எலியையும் பூச்சியையும் பற்றி அவர்களே சொல்கிறார்கள். பழைய வீடு போய்ப் புது வீடு வந்தால் கேஸ் விற்கும் என்கிற கணக்கு உள்ளே இருந்தது, இருக்கட்டும். தன்னைப் பற்றிப் பீற்றாமல் அடுத்தவர் கஷ்டத்தைப் பேசவிட்டதால்தான் இன்னும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் தபால் துறையிலிருந்து 'நைட் மெயில்' வந்தது. அதில் ஓடும் ரயிலில் கடிதம் பிரிப்பவர்கள் நிஜ ஊழியர்கள், பெட்டி மட்டும் ஸ்டுடியோவில் போட்ட செட். ரயில் ஓடுவது போலத் தெரிய அவர்களே ஆடிக்கொண்டு நின்றார்கள்! அது பித்தலாட்டம் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கை செய்கிற வேலை நிஜம்.

நம்ம ஊரில் அந்த நிஜம் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறது. ஒரு அக்கா பீஸை எடுத்து, தோள் தையலை இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்த்து, கழுத்துப் பட்டியை லைட்டுக்கு நேரே பிடித்து, ஊசி வெட்டிய பொட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறாரே, அதை வெட்டாமல், பாட்டுப் போடாமல், மெஷின் சத்தத்தோடே ஒரு நிமிஷம் காட்டுங்கள். தரம் என்கிற சொல்லே படத்தில் வர வேண்டாம்.

இன்னொன்று, இது கசக்கும். 2011 ஜனவரியில் ஐகோர்ட் சொல்லிச் சாயப்பட்டறைகளை மூடியது உலகத்துக்கே தெரியும். பையர் விமானம் ஏறுவதற்கு முன்பே சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் வருகிறார். அவருக்குப் பச்சைப் புல்லையும் நீரூற்றையும் காட்டினால் சிரிப்பார். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. பிளாண்டைக் காட்டுங்கள், மிச்சத் தண்ணீரை ஆவியாக்குகிற எவாப்பரேட்டரைக் காட்டுங்கள், எல்லாம் முடிந்து மிஞ்சுகிற கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறதே, அதையும் காட்டி, இதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை என்று உங்கள் பிளாண்ட் ஆபரேட்டரே சொல்லட்டும். அதைக் கேட்டபிறகு மற்றதையும் நம்புவார்.

சரி, தொழிலாளி பேசுவாரா? சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால், "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த சூப்பர்வைசரை டீக்கு அனுப்பிவிட வேண்டும். எடுத்ததை மேனேஜருக்குக் காட்டுவதற்கு முன்பே, பேசிய தொழிலாளிக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும். வேலை போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு, நமக்கில்லை. இதை நான் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பார்த்த முதலாளிகளும் உண்டு.