புது ரோடு பைக்ல கியர் மாத்துனா 'டொக்'குன்னு விழுது, ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். பெருந்துறையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, ரோடு பைக் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. முன்னாடி ரெண்டு, பின்னாடி எட்டு. மொதல்ல நல்லா இருந்துச்சு. இப்ப கியர் மாத்துனா கொஞ்ச நேரம் கரகரன்னு அரைச்சுட்டு, பொறவு டொக்குன்னு விழுது. சென்னிமலை ஏத்தத்துல ரொம்ப மோசம். கடையில கேட்டா புது வண்டி அப்படித்தான், ஓட்ட ஓட்டச் சரியாயிரும்னாங்க. நானே ஆர்டில இருக்கற ரெண்டு ஸ்க்ரூவையும் திருகிப் பாத்தேன். இன்னும் கெட்டுப்போச்சு."

ஆர்டின்னா ரியர் டிரெயிலியர், பின்னாடி செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தற பாகம். அந்த ஸ்க்ரூ வரியிலதானுங்க விஷயமே இருக்குது. நம்ம வீடியோவை ரெகுலரா பாக்கறவங்க இப்பவே சிரிப்பீங்க, நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். சொல்லித்தான் ஆகோணும்: ஸ்க்ரூவுல கை வைக்காதீங்க!

அந்த ரெண்டு ஸ்க்ரூ, ஹெச் ஒண்ணு, எல் ஒண்ணு. அது தோட்டத்து வேலி மாதிரிங்க. மாடு உள்ள எந்த இடத்துல மேயுதுங்கறதுக்கும் வேலிக்கும் சம்பந்தமில்ல, எல்லை தாண்டாம நிறுத்தும், அவ்வளவுதான். ஹெச் வந்து செயின் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி ஃபிரேம் பக்கம் விழாம தடுக்குது. எல் வந்து பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்குக்குள்ள போகாம தடுக்குது. நடுவுல இருக்கற ஆறு பல்சக்கரத்துல செயின் எங்க நிக்கோணும்னு முடிவு பண்றது, ஷிஃப்டர்ல (ஹேண்டில்ல இருக்கற கியர் லீவர்) இருந்து ஆர்டிக்கு வர்ற கேபிளோட இழுவை. அரைக்கிறது நடுவுலயா இருந்தா ஸ்க்ரூவைத் திருகி ஒரு பிரயோஜனமும் இல்ல.

கடையில சொன்னதுல பாதி நெஜம். புது வண்டியில கேபிள் நீண்டுருச்சும்பாங்க. கம்பி அப்படியொண்ணும் நீளறதில்லீங்க, அது 1.2 மில்லி எஃகுக் கம்பி. அவுட்டர், அதாவது கம்பியை மூடி வர்ற குழாய், அதோட முனை இருக்குதே, அது முனையில மாட்டுற தொப்பிக்குள்ள மெதுவா அழுந்தி உக்காருது. அந்த அளவுக்குக் கேபிள் தளர்ந்துருது. ஆனா 'ஓட்ட ஓட்டச் சரியாயிரும்'ங்கறது மட்டும் தப்பு. ஓட்ட ஓட்ட இன்னும் தளரும், யாராச்சும் இறுக்கற வரைக்கும். மொதல் மாசத்து சர்வீஸ் இருக்கறதே பாதி இதுக்காகத்தான். வாங்குன கடையிலயே கேளுங்க, அது உங்க உரிமை.

எவ்வளவு தளர்ந்தா கெடும்னு பாருங்க. 8 ஸ்பீடு கேசட்டுல (பின்னாடி இருக்கற பல்சக்கர அடுக்கு) ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும், பல்சக்கரத்தைத்தான் சொல்றேன், 4.8 மில்லி. சைக்கிள் பாகம் பண்ற ஷிமானோ கம்பெனியோட பழைய அளவுப்படி ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 2.8 மில்லி கம்பி இழுக்கும், ஆர்டி அதை 1.7 மடங்காக்கி நகரும். அப்ப கம்பி அரை மில்லி தளர்ந்தாலே, அங்க ஆர்டில செயின் ஓடற குட்டிச் சக்கரம், அதான் புல்லி, முக்கால் மில்லிக்கு மேல தள்ளி நிக்குது. செயின் பக்கத்துப் பல்லை உரச அது போதுமுங்க. 10 ஸ்பீடுல இடைவெளி 3.95 மில்லிதான், அங்க இன்னும் சீக்கிரம் கத்தும். 1984-ல ஷிமானோ தன்னோட டூரா-ஏஸ் ரேஸ் செட்டுல கிளிக் வைக்கறதுக்கு முன்னாடி லீவர்ல கிளிக்கே பெருசாப் புழக்கத்துல இல்ல. ஓட்டறவரு காதுல கேட்டுக் கேட்டு லீவரை நகர்த்தி நிறுத்திக்குவாரு. கிளிக் வந்த பொறவு அந்த வேலை ஷிஃப்டருக்குப் போயிருச்சு. அளவு மாறிப்போனா எல்லா கிளிக்கும் ஒட்டுக்கா தப்பாயிரும்.

சரி, தம்பி ஸ்க்ரூவைத் திருகிட்டாரு. மொதல்ல அதை நேராக்கிட்டுத்தான் கேபிளுக்குப் போகோணும். வண்டியை ஸ்டாண்டுல போடுங்க, இல்லைன்னா ஊட்டுல யாரையாச்சும் சீட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. செயினைச் சின்னப் பல்லுக்குக் கொண்டுபோய், கேபிளை ஆர்டில இருந்து கழட்டிருங்க. பின்னாடி உக்காந்து பாத்தா மேல இருக்கற குட்டிப் புல்லி, சின்னப் பல்லோட வெளி விளிம்புக்கு நேர் கீழ நிக்கோணும். நிக்கலைன்னா ஹெச்சைக் கால் சுத்துக் கால் சுத்தா திருகுங்க. பொறவு பெடலைச் சுத்திக்கிட்டே ஆர்டியைக் கையால உள்ள தள்ளி, செயினைப் பெரிய பல்லுல ஏத்துங்க. புல்லி அதுக்கு நேர் கீழ வரோணும். இன்னும் அழுத்தித் தள்ளுனாலும் ஸ்போக் பக்கம் போகக் கூடாது. இதுல அலட்சியம் வேண்டாமுங்க. எல் தளர்வா இருந்து ஏத்தத்துல செயின் ஸ்போக்குக்குள்ள விழுந்தா, ஆர்டி, அது தொங்குற ஹேங்கர், ஸ்போக் எல்லாம் ஒரே நொடியில போயிரும். விரலைச் செயினுக்குப் பக்கத்துல விடாதீங்க.

இப்ப கேபிள். ஷிஃப்டரைச் சின்னப் பல்லு கிளிக்குல வெச்சு, பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் ஆர்டிக்குள்ள நுழையற எடத்துல கையால திருகற குமிழ்) முழுசா உள்ள திருகி, ஒரு சுத்து மட்டும் வெளிய எடுங்க. கம்பியைக் கையால இழுத்துப் பிடிச்சு போல்ட்டை இறுக்குங்க, 6-ல இருந்து 7 நியூட்டன் மீட்டர். பெடலைச் சுத்திக்கிட்டே ஒரு கிளிக். செயின் ரெண்டாவது பல்லுக்கு ஏறலைன்னா கம்பி தளர்வு, அட்ஜஸ்டரை வெளிப்பக்கமா, அதாவது கடிகார முள்ளுக்கு எதிரா, கால் சுத்து விடுங்க. ஒரே கிளிக்குல மூணாவதுக்குத் தாவுனா இறுக்கம், உள்ள விடுங்க.

ரெண்டாவது பல்லுல நின்ன பொறவு ஒரு பரீட்சை இருக்குது. லீவரை அடுத்த கிளிக் விழாத அளவுக்கு, அந்த ஆட்டம் தீர்ற வரைக்கும் மட்டும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பெடலைச் சுத்துங்க. செயின் மூணாவது பல்லை லேசாத் தொட்டுச் சலசலன்னு சத்தம் வரோணும். லீவரை விட்டா சத்தம் நிக்கோணும். அப்படி வந்தா அளவு கச்சிதம். ஷிமானோ மேனுவல்லயே இருக்கற முறைதான், யாரும் படிக்கறதில்ல.

இதுக்கும் மசியலைன்னா, எந்தப் பக்கம் போகையில தடங்கல்னு பாருங்க. பெரிய பல்லுக்கு ஏறத்தான் தாமதம், எறங்கறது நல்லா எறங்குதுன்னா இன்னும் தளர்வு. எறங்கத்தான் தாமதம்னா ஒண்ணு இறுக்கம் ஜாஸ்தி, இல்லைன்னா அவுட்டருக்குள்ள கம்பி சிக்குது. ஆர்டிகிட்ட வர்ற அந்தக் கடைசி வளைவைப் பாருங்க, ரொம்பக் குட்டையா வெட்டி ஒடிச்ச மாதிரி இருந்தா மாத்தச் சொல்லுங்க. அங்க பிரேக் அவுட்டரை வெட்டிப் போட்டுத் தர்ற ஆளும் உண்டு. அதுல உள்ள சுருள் கம்பி, அழுத்துனா சுருங்கும். கியருக்கு நீளவாட்டுக் கம்பி இருக்கற 4 மில்லி அவுட்டர்தான் வேணும்.

சின்னப் பல்லுல சரி பண்ணுனா பெருசுல அரைக்குது, பெருசுல பண்ணுனா சின்னதுல அரைக்குதுன்னா? அப்ப அட்ஜஸ்டரை விட்டுருங்க, ஹேங்கர் வளைஞ்சிருக்குது. ஆர்டி தொங்குற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. பொட்டியில வரும்போது வலது பக்கம் ஒரு இடி, கார் டிக்கியில வலது பக்கமாப் படுக்க வெச்சது, நிறுத்தி வெச்ச வண்டி சாஞ்சது, இதுல ஒண்ணு போதும். ஃபிரேம் உடையக் கூடாதுன்னுதான் அதை மெதுவான அலுமினியத்துல பண்றாங்க. நல்ல கடையில அளக்கற கருவி இருக்கும், ஆர்டியைக் கழட்டிட்டு அதுல மாட்டி, ரிம்முல சுத்தி நாலு எடத்துல அளப்பாங்க. 4 மில்லிக்குள்ள வித்தியாசம் இருந்தாச் சரி.

நம்மூர்ல ஒரு பழக்கம், ஹேங்கர் கெடைக்கலைன்னா கோயமுத்தூர் கணபதிலயோ சிட்கோவுலயோ ஒரு பட்டறையில கொடுத்து புதுசா ஒண்ணு அடிச்சுக்கலாம்னு. அடிச்சுக்கலாமுங்க, தப்பில்ல. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுங்க. இரும்புல பண்ண வேண்டாம், ஹேங்கர் வளையாது, ஃபிரேம் போயிரும். இன்னொண்ணு மரை. பட்டறைக்காரர் கைக்கு மொதல்ல வர்றது எம்10, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5 டேப். ஹேங்கருக்கு எம்10 பிட்ச் 1. தப்பான மரையில ஆர்டி போல்ட்டைத் திணிச்சா ரெண்டும் வீண்.

எண்ணெயைப் பத்தி ரெண்டு வார்த்தை. பல்லடம், தாராபுரம் பக்கம் அடிக்கிற காத்துக்குச் செயின்ல மண்ணு ஏறும். திருப்பூர்ல பனியன் கம்பெனி மிஷின் ஆயிலை ஊத்தறாங்க, அது மெல்லிசு, நிக்காது. செயினுக்குன்னே விக்கிற எண்ணெய் (லூப்), கண்ணிக்கு ஒரு சொட்டு, ராத்திரி விட்டுட்டு காலையில வெளிப்பக்கம் நல்லாத் தொடைச்சிருங்க.

தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொண்ணு இருக்குது: கியரை எப்ப மாத்தறது? ஏத்தத்துல மோசம்னு எழுதியிருக்காரே, அங்க இது பாதிக் காரணம். பல்சக்கரத்துல செயினை ஏத்தி விடறதுக்குன்னே சரிவு வெட்டியிருப்பாங்க, எல்லாப் பல்லுலயும் இல்ல, சில எடத்துலதான். அந்த எடம் மேல வர்ற வரைக்கும் செயின் காத்திருக்கும். அந்த நேரத்துல நீங்க முழு எடையையும் பெடல்ல போட்டு மிதிச்சா, நல்லா ட்யூன் பண்ணுன வண்டியும் டொக்குன்னுதான் விழும். ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. வளைவுக்குள்ள போய் மூச்சு முட்டுன பொறவு மாத்தாதீங்க, பத்து இருபது மீட்டர் முன்னாடியே மாத்துங்க. கிளிக் பண்ற அந்த அரைச் சுத்துக்கு மட்டும் காலைச் சுத்திக்கிட்டே அழுத்தத்தைக் குறைங்க. நிறுத்த வேண்டாம், குறைச்சாப் போதும்.

முன்னாடி இருக்கற பல்சக்கரத்துல 50 பல்லுல இருந்து 34-க்கு எறங்கையில வர்ற 'டடக்' வேற. ஒரே அடியில 16 பல்லு எறங்குது, சத்தம் வராம எப்படி? அது கோளாறு இல்லீங்க. அதே நேரத்துல பின்னாடி ரெண்டு கிளிக் சின்னப் பல்லுப் பக்கம் விட்டீங்கன்னா கால் அந்தரத்துல சுத்தாது.