மறைபொருள் யாருக்கு?

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிரிக்கக் கலையில் மறைந்திருக்கும் பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டத்தை ஒரு மாலையில் பேசித் தீர்க்க முடியாது. அதனால் கானாவின் அசாந்தே மக்களிடம் மட்டும் உங்களை அழைத்துப் போகிறேன்.

திரையில் பாருங்கள். பித்தளையில் வார்த்த இரண்டு முதலைகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தலை இரண்டு, வால் இரண்டு, வயிறு மட்டும் ஒன்று. இது ஓர் எடைக்கல்! அசாந்தேயர் உள்ளிட்ட அகான் மக்களுக்குப் பல நூறு ஆண்டுகள் தங்கத்தூள்தான் பணம். வியாபாரி தராசு, கரண்டி, எடைக்கற்கள் எல்லாவற்றையும் துணியில் முடிந்து எடுத்துப் போவார்.

சரி, எடை போட முதலை எதற்கு? அது அவர்களுடைய ட்வி மொழிப் பழமொழி ஒன்றின் உருவம். எந்த வாய் தின்றாலும் இரை போவது ஒரே வயிற்றுக்குத்தான். ஆனாலும் தொண்டையில் இறங்கும் ருசிக்காக இரண்டும் அடித்துக்கொள்கின்றன. பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு எடைக்கல், வேர்க்கடலை. நிஜக் கடலையையே களிமண்ணில் பொதிந்து சுடுவார்கள். உள்ளே கடலை எரிந்துபோகும். அந்த இடத்தில் உருகிய பித்தளையை ஊற்றுவார்கள். ஓட்டின் வரிகூட அப்படியே விழுந்திருக்கும். இதைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன்.

அப்புறம் அரசவை. அங்கே மன்னர் சபையோடு நேராகப் பேசுவதில்லை. அவர் சார்பில் பேசுபவர் ஒக்கியாமே. அவர் கையிலுள்ள கோலின் உச்சியில் தங்கத்தகடு போர்த்திய மரச்சிற்பம் இருக்கும். ஒரு கோலில், முட்டையைப் பிடித்திருக்கும் கை. அதிகாரம் முட்டை மாதிரி; இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும். மன்னரின் முகத்துக்கு எதிரே, வாய் திறக்காமல் சொல்லப்படும் எச்சரிக்கை அது.

இதில் எதையும் யாரும் ஒளித்துவைக்கவில்லை. ட்வி தெரிந்தவருக்கு அது பேச்சு. கேட்கத் தெரியாதவருக்குத்தான் மறைபொருள்.

அப்படித் தெரியாமல் போனதன் விலையைச் சொல்கிறேன். 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தேயரின் தலைநகரான குமாசிக்கு வந்து, தங்க ஆசனத்தைக் கொண்டுவாருங்கள், நான் உட்கார வேண்டும் என்றார். அந்த ஆசனத்தில் மன்னரே உட்கார மாட்டார். அது அந்த மக்கள் எல்லோருடைய உயிரும் தங்கும் இடம். எஜிசு என்ற ஊரின் அரசன்னை யா அசாந்தேவா தலைமையில் போர் மூண்டது. பிடிபட்ட அவர் சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். ஆசனம் மட்டும் பிரிட்டிஷார் கையில் சிக்கவே இல்லை.

ஆனால் பிரிட்டிஷாரோடு நடந்த 1874 போரின்போதே குமாசி அரண்மனை சூறையாடப்பட்டிருந்தது. 2024இல் லண்டனின் இரண்டு அருங்காட்சியகங்கள் 32 பொருட்களைக் குமாசிக்கு அனுப்பின. கடனாகத்தான்! சொந்த வீட்டுப் பொருள் இரவலாக வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வந்தவற்றில் வட்டமான ஒரு தங்கத் தகடும் உண்டு. மன்னரின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் பணியாளர் மார்பில் அணிவது. அதன் முன்னால் நின்றவர்களுக்கு அது இன்னது என்று யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை.