சுவரை விட்டு வராத ஓவியங்கள்: நடு இத்தாலியின் மலை ஊர்கள்

[காட்சி: ஓடும் ரயிலின் ஜன்னல். வயல்களுக்கு அப்பால் மேட்டு உச்சியில் மதில் சூழ்ந்த ஓர் ஊர்.]

வணக்கம். இத்தாலி போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ரயிலில் போகும்போது இரண்டு பக்கமும் மேடுகள் தெரியும். பல மேடுகளின் உச்சியில் ஓர் ஊர் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் மதில், நடுவில் ஒரு கோபுரம், நெருக்கியடித்த ஓட்டுக் கூரைகள். டஸ்கனி, உம்ப்ரியா என்ற இரண்டு மாநிலங்களிலும் இப்படி ஏராளமான ஊர்கள் இருக்கின்றன.

அங்கே இறங்கி ஏற வேண்டியதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஓவியத்தின் போக்கையே மாற்றிய படைப்புகள் சில இந்த ஊர்களில்தான், வரையப்பட்ட அதே சுவரில் இன்னும் இருக்கின்றன. லண்டனுக்கோ பாரிசுக்கோ போய் அவற்றைப் பார்க்க முடியாது. யார் பார்ப்பதற்காக வரைந்தார்களோ அவர்கள் நின்ற இடத்தில் நாமும் போய் நின்றால்தான் அந்த ஓவியம் என்ன பேசுகிறது என்பது முழுதாகப் பிடிபடும். இந்த வீடியோவில் சியெனா, அசிசி, ஓர்வியேத்தோ ஆகிய மூன்று ஊர்களைப் பார்ப்போம். வழியில் சான் ஜிமிஞ்ஞானோவையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

முதலில், ஏன் மேட்டில் கட்டினார்கள்? எதிரி வருவது தூரத்திலேயே தெரியும் என்பது ஒன்று. பள்ளத்தில் சதுப்பு நிலம், கொசு, மலேரியா என்பது இன்னொன்று. பல ஊர்கள் ரோமானியருக்கும் முந்தைய எட்ரஸ்கன் மக்கள் காலத்திலிருந்தே இருப்பவை. ஆனால் மேட்டில் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு, அது தண்ணீர். சியெனாவில் ஆறே கிடையாது. பூமிக்கடியில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய்கள் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய வேண்டுமானால் ஊர் ஒற்றுமையாக இருந்தாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

[காட்சி: சியெனா, பியாஸ்ஸா தெல் காம்போ. மேலிருந்து.]

சியெனாவின் நடுவில் பியாஸ்ஸா தெல் காம்போ என்ற பெரிய திடல். முறத்தைச் சாய்த்து வைத்தது போல மேலே அகன்று, கீழே சரிந்து ஓர் அரண்மனை வாசலில் வந்து முடியும். செங்கல் தளத்தைக் கல் வரிகளால் ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1287 முதல் 1355 வரை சியெனாவை ஆண்ட ஒன்பது பேர் குழுவை அது குறிக்கிறது என்பார்கள். ராஜா கிடையாது. ஒன்பது பேரும் இரண்டே மாதம்தான் பதவியில் இருப்பார்கள், பிறகு வேறு ஒன்பது பேர். பதவிக்காலம் முழுதும் இந்த அரண்மனைக்குள்ளேயே தங்க வேண்டும்.

அந்த ஒன்பது பேர் கூடிய அறைக்குத்தான் இப்போது போகிறோம். 1338-39இல் அம்புரோஜோ லோரென்செட்டி என்ற உள்ளூர் ஓவியர் அந்த அறையின் மூன்று சுவர்களில் நல்லாட்சியையும் கொடுங்கோலையும் வரைந்தார். ஐரோப்பாவில் பெரிய ஓவியம் என்றாலே மாதா, இயேசு, புனிதர்கள் என்றிருந்த காலம் அது. அப்போது ஒருவர் ஓர் ஊரின் அரசியலை ஓர் அறை முழுக்க வரைந்திருக்கிறார்.

[காட்சி: ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். மெதுவாக நகரும் கேமரா.]

இந்தச் சுவரில் ஒரு கயிற்றைத் தேடுங்கள். இடது பக்கம் நீதி தேவதை உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய தராசின் இரண்டு தட்டுகளிலிருந்தும் கயிறு இறங்கி, கீழே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணின் கைக்கு வருகிறது. அவள் பெயர் ஒற்றுமை. அவள் மடியில் என்ன இருக்கிறது பாருங்கள், தச்சரின் இழைப்புளி! மேடு பள்ளத்தை இழைத்துச் சமமாக்குகிறவள் அவள். அவள் கையிலிருந்து கயிறு வரிசையாக நிற்கும் 24 குடிமக்களின் கை வழியாகப் போகிறது. கடைசியில், சியெனாவின் நிறங்களான கறுப்பும் வெள்ளையும் உடுத்திய ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்கிறது. பொது நலன்தான் அந்தப் பெரியவர். நீதியில் தொடங்கி ஒற்றுமை வழியாக மக்கள் கையில் பிடித்து வந்தால்தான் ஆட்சி என்று ஒரு கயிற்றை வைத்தே சொல்லிவிட்டார். இவர்களுக்கு நடுவில் வெள்ளை உடையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவள் சமாதானம். அவள் சாய்ந்திருக்கும் மெத்தைக்கு அடியில் போர்க்கவசம் கிடக்கிறது.

அப்புறம் வலது சுவர். நல்லாட்சி நடந்தால் ஊர் எப்படி இருக்கும் என்பது அங்கே. கூரை மேல் கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள். செருப்புக் கடை நடக்கிறது. வாத்தியார் பாடம் எடுக்கிறார். கழுதைகள் மூட்டை சுமந்து வருகின்றன. தெருவில் சிலர் கைகோத்து ஆடுகிறார்கள். ஊர் வாசலைத் தாண்டினால் அறுவடை, வேட்டை, இடுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கறுப்புப் பன்றி. அந்த இனப் பன்றி இன்றும் சியெனா வட்டாரத்தில் வளர்க்கப்படுகிறது. வாசலுக்கு மேலே பாதுகாப்பு என்ற தேவதை பறக்கிறாள். அவள் கையில் ஒரு தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். லோரென்செட்டி எதையும் பூசி மெழுகவில்லை.

எதிர்ச் சுவரில் கொடுங்கோலன் கொம்போடும் கோரைப்பல்லோடும் உட்கார்ந்திருக்கிறான். அவன் காலடியில் நீதி கட்டுண்டு கிடக்கிறாள். அந்த ஊரில் ஒரே ஒரு தொழில்தான் நடக்கிறது, ஆயுதம் செய்வது. மூன்று சுவர்களில் இதுதான் அதிகம் சிதைந்திருக்கிறது.

இப்போது அந்த ஒன்பது பேரை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவர்கள் வரி பற்றியும் போர் பற்றியும் முடிவெடுத்தார்கள். இதை ஒரு புத்தகத்தில் படமாகப் பார்த்தால் அழகான பழைய ஓவியம், அவ்வளவுதான். அறைக்குள் நின்றால் இரண்டு பக்கமும் இரண்டு எதிர்காலம் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது உறைக்கும். அரண்மனையின் பின்பக்க மாடத்துக்கும் மறக்காமல் ஏறுங்கள். ஓவியத்தில் பார்த்த அதே மாதிரி மேடுகளும் தோட்டங்களும் கண்ணெதிரே விரியும்.

[காட்சி: சுண்ணாம்புப் பூச்சு, நெருக்கத்தில்.]

சரி, இத்தனை காலம் இவை எப்படித் தாங்கின? வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் சுவரில் சொரசொரப்பான ஒரு காரைப் பூச்சு. அதன் மேல் செம்மண் நிறத்தில் படத்தின் கோடுகள். பிறகு, அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் நைசான சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த நிறத்தால் வரைய வேண்டும். சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. நிறம் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. தவறு வந்தால் அழிக்க முடியாது, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்த்தால் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் உள்ள ஒட்டு மெல்லிசாகத் தெரியும். ஒரு முகத்துக்கு ஒரு முழு நாள், வெறும் வானத்துக்குப் பெரிய பரப்பு என்று அவர்களுடைய வேலை நாட்களையே எண்ணலாம். சில நீல நிறங்களுக்கு ஈரச் சுண்ணாம்பு ஒத்துவராது. காய்ந்த பிறகு பசை கலந்து தடவுவார்கள். பழைய சுவரோவியங்களில் நீலம் முதலில் உதிர்ந்திருப்பது அதனால்தான்.

சுவரில் இல்லாமல் பலகையில் வரைந்த படத்துக்கு என்ன கதி என்பதற்கும் சியெனாவிலேயே சாட்சி இருக்கிறது. டூச்சோ என்ற பெரும் ஓவியர் பேராலயத்துக்காக வரைந்த மாதா பீடப்படத்தை 1311 ஜூன் 9 அன்று பட்டறையிலிருந்து ஊரே திரண்டு ஊர்வலமாகக் கொண்டுபோனது. 1771இல் அதைக் கழற்றி அறுத்துப் பிரித்துவிட்டார்கள். பெரும்பகுதி சியெனாவில் இருக்கிறது. மற்ற துண்டுகள் லண்டன், வாஷிங்டன், நியூயார்க் என்று சிதறிக் கிடக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

[காட்சி: பேராலயத்தின் அருகே, பின்னால் எதுவுமே இல்லாமல் தனியாக நிற்கும் உயரமான முகப்புச் சுவர்.]

லோரென்செட்டி அந்த அறையை முடித்த 1339இல்தான் சியெனா இன்னொரு பெரிய முடிவையும் எடுத்தது. இருக்கிற பேராலயத்தையே சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குக் கையாக வைத்து, அதைவிடப் பிரம்மாண்டமான ஒன்றைக் கட்டுவது என்று. ஒன்பது வருடம் கழித்து, 1348இல் கொள்ளைநோய் வந்தது. மக்கள்தொகையில் பெரும்பகுதி செத்து மடிந்தது. லோரென்செட்டியும் அவருடைய அண்ணன் பியெத்ரோவும் அதில்தான் இறந்தார்கள் என்று கருதப்படுகிறது. புதிய பேராலயத்தின் வேலை நின்றது, நின்றதுதான். அந்த முகப்புச் சுவரும் சில வளைவுகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. டூச்சோவின் படம் இப்போது இருக்கும் அருங்காட்சியகம் அந்த முடியாத கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து படியேறி அந்தச் சுவரின் உச்சிக்கே போகலாம்.

இந்த ஊர்கள் ஏன் இடைக்காலத்திலேயே நின்றுவிட்டது போலத் தெரிகின்றன என்பதற்கும் பெரும்பகுதி பதில் இங்கேதான் கிடைக்கிறது. நோய்க்குப் பிறகு பழையதை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசும் இல்லை, ஆளும் இல்லை. சான் ஜிமிஞ்ஞானோ இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டிய 72 கோபுரங்கள் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள், இன்று 14 இருக்கின்றன. 1353இல் அந்த ஊர் புளோரன்ஸின் கைக்குப் போனது. பகலில் கூட்டம் தாங்காது. மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் போன பிறகு நடப்பது நல்லது.

[காட்சி: அசிசி. மலைச் சரிவில் நீளமான வளைவுகளின் மேல் நிற்கும் ஆலயம்.]

அசிசி நம்மூரிலும் பெயர் தெரிந்த ஊர். புனித பிரான்சிஸ் 1226இல் இறந்தார், 1228இல் புனிதர் பட்டம், அதே வருடம் ஆலயத்துக்கு அடிக்கல். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தேவாலயங்கள். மேல் ஆலயத்தில் பிரான்சிஸின் வாழ்க்கை 28 படங்களாக இருக்கிறது. வரைந்தது ஜோட்டோ என்ற பெரும் ஓவியரா, வேறு குழுவா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். யார் வரைந்திருந்தாலும் சரி, மனிதர்களுக்கு எடையும் உடம்பும் வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் காட்சியில் ஒரு சிலுவையைப் பின்பக்கமிருந்து வரைந்திருக்கிறார். அதன் மரச் சட்டங்கள் தெரிகின்றன. ஆலயத்தின் உள்ளே, குருமார்களின் பக்கம் நிற்பவருக்குத்தான் அப்படித் தெரியும். பார்ப்பவரை அந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்.

வரிசையின் முதல் படத்தில் ஒரு பழைய ரோமானியக் கோயில் இருக்கிறது. மெல்லிய ஐந்து தூண்கள். ஆலயத்தை விட்டு வெளியே வந்து ஊர்ச் சதுக்கத்துக்கு நடங்கள். அதே மினெர்வா கோயில் இன்னும் நிற்கிறது, தூண்கள் ஆறு!

1997 செப்டம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் மேல் ஆலயத்தின் கூரை வளைவுகள் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். பல்லாயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறிய ஓவியங்களை இடிபாட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, முடிந்தவரை திரும்ப ஒட்டினார்கள். 1999இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மேலே அண்ணாந்து பார்த்தால் எங்கே வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். தெரியாததைக் கற்பனையில் வரைந்து நிரப்பவில்லை, அதுதான் நேர்மை. பக்கத்திலேயே சிமாபுவேயின் சிலுவை ஓவியத்தையும் பாருங்கள். அவர் பயன்படுத்திய ஈய வெள்ளை காலப்போக்கில் கறுத்துவிட்டதால், வெளிச்சமாக இருக்க வேண்டிய முகங்கள் கறுப்பாக இருக்கின்றன. கீழ் ஆலயத்தில் லோரென்செட்டியின் அண்ணன் பியெத்ரோவின் ஓவியங்கள் இருக்கின்றன. சிலுவையிலிருந்து இயேசுவை இறக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

[காட்சி: ஓர்வியேத்தோ. செங்குத்தான பாறையின் மேல் ஊர்.]

ஓர்வியேத்தோ எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையின் மேல் இருக்கிறது. 1290இல் தொடங்கிய பேராலயத்துக்குள் ஒரு சிற்றாலயம். 1447இல் ஃபிரா ஆஞ்சேலிக்கோ அதன் கூரையில் கொஞ்சம் வரைந்துவிட்டுப் போனார். 1499 முதல் 1504 வரை லூக்கா சின்யொரெல்லி முடித்தார். உலக முடிவுதான் பொருள். ஒரு சுவரில் இறந்தவர்கள் வெண்மையான தரையைப் பிளந்துகொண்டு எழுகிறார்கள். ஒருவர் இடுப்பு வரை வந்துவிட்டார், இன்னொருவர் கைகளை ஊன்றித் தன்னையே வெளியே தூக்குகிறார், சிலர் இன்னும் எலும்புக்கூடுதான். இன்னொரு சுவரில் போலிக் கிறிஸ்து பேசிக்கொண்டிருக்கிறான், சாத்தான் அவன் காதோடு ஓதுகிறான். இடது ஓரத்தில் கறுப்பு உடையில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் சின்யொரெல்லி, அவருக்குப் பின்னால் அதற்குள் இறந்துபோயிருந்த ஆஞ்சேலிக்கோ. தொடங்கியவருக்கு முடித்தவர் கொடுத்த மரியாதை.

இங்கேயும் தண்ணீர்க் கதை உண்டு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் இங்கே தஞ்சம் புகுந்தார். முற்றுகை வந்தால் என்ன செய்வது என்று ஒரு கிணறு வெட்டச் சொன்னார். ஆழம் சுமார் 53 மீட்டர், 248 படிகள். இறங்க ஒரு சுழல் வழி, ஏற இன்னொரு சுழல் வழி. தண்ணீர் தூக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவே வேண்டாம்.

[காட்சி: வரைபடம்.]

எப்படிப் போவது? ரோமிலிருந்து தொடங்கினால் முதலில் ஓர்வியேத்தோ. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே மேலே ஏறும் இழுவை ரயில் இருக்கிறது. அங்கிருந்து தெரோன்தோலா என்ற நிலையத்தில் ரயில் மாறி அசிசி. நிலையம் அடிவாரத்தில் இருக்கும், பேருந்தில் ஏற வேண்டும். கடைசியாக சியெனா. அதற்குக் குறைந்தது இரண்டு இரவு ஒதுக்குங்கள். சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ரயில் கிடையாது, சியெனாவிலிருந்து பேருந்தில் போகலாம். வாடகைக் கார் எடுத்தால் மதிலுக்கு உள்ளே ஓட்டாதீர்கள். பழைய ஊர்ப் பகுதிகளில் அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா பிடித்துவிடும், அபராதம் பிறகு வந்து சேரும். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். பல இடங்களில் மதியம் மூடிவிடுவார்கள். சில சிற்றாலயங்களில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், அதனால் ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்களைச் செலவழிக்காமல் பையில் வைத்திருங்கள்.