டெம்ப்ளர்களை வீழ்த்தியது அரசனின் காலிக் கஜானாவே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்! சிலுவைப்போர் வீரர்களான டெம்ப்ளர்கள் வீழ்ந்தது சொந்த ஆணவத்தாலா, பிரெஞ்சு மன்னன் நான்காம் ஃபிலிப்பின் பணத்தாசையாலா? பணத்தாசையால்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் முழங்கினார்: "1291-இல் புனித பூமியில் சிலுவைப்போர் வீரர்களின் கோட்டையாக இருந்த ஏக்கர் நகரம் பறிபோனது. அதன் பிறகு இவர்களுக்கு வேலையே இல்லை, சொத்து மட்டும் இருந்தது" என்று. ஐயா, அதே ஏக்கரில் இன்னொரு சிலுவைப்போர் அமைப்பான ஹாஸ்பிட்டலர் வீரர்களும் தோற்றார்களே! அவர்களை யார் எரித்தார்கள்?

ஃபிலிப்பின் கதையைக் கேளுங்கள். 1306-இல் யூதர்களை நாடு கடத்தி, உடைமைகளைப் பறித்துக்கொண்டான். அவன் நாணயத்தில் செய்த தில்லுமுல்லால் வாடகை எகிற, பாரிஸ் மக்கள் கலகத்தில் இறங்கினார்கள். மன்னன் எங்கே ஓடி ஒளிந்தான் தெரியுமா? டெம்ப்ளர்களின் கோட்டைக்குள்! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அது இதுதான்.

1307 அக்டோபர் 12. அரச குடும்பத்து இறுதி ஊர்வலம். அதில் மரியாதையோடு நடந்து வருகிறார் டெம்ப்ளர் தலைவர் ஜாக் டி மொலே. மறுநாள் விடியலில் அவர் கைதி! கைது ஆணையோ செப்டம்பர் 14-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஒரு மாதம் சிரித்துக்கொண்டே காத்திருந்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

"மதத் துரோகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்களே" என்கிறார் எதிரணி நண்பர். ஒப்புக்கொண்டார்கள், சித்திரவதையில்! பாரிஸில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் மறுத்தவர்கள் நாலே பேர். பிறகு அமைப்புக்காக வாதாட முன்வந்து, வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றவர்களின் கதி? 1310 மே மாதம் ஒரே நாளில் 54 பேர் நெருப்பில்! பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் தீ. இதற்குப் பெயர் விசாரணையாம்! ஃபிலிப்பின் கை எட்டாத சைப்ரஸில் இதே டெம்ப்ளர்கள் குற்றத்தை மறுத்தார்கள்.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன்.

1312-இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் அமைப்பைக் கலைத்தார். குற்றவாளி என்று தீர்ப்பளிக்க அவராலும் முடியவில்லை. சொத்தை ஹாஸ்பிட்டலர்களுக்குக் கொடுத்தார். உடனே பிரெஞ்சு அரசு கணக்கு நோட்டை நீட்டியது: "டெம்ப்ளர்கள் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி 2,00,000 லீவ்ர்!" (லீவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சுப் பணம்.) ஹாஸ்பிட்டலர்கள் கட்டிவிட ஒப்புக்கொண்டார்கள். போர்ச்சுகல் மன்னன் டினிஸ் மட்டும் 1319-இல் 'கிறிஸ்துவின் அமைப்பு' என்று புதுப் பெயர் சூட்டி, டெம்ப்ளர்களை அதில் சேர்த்துக்கொண்டான். எதிரணி நண்பரே, நீங்கள் சொன்ன அந்த ஆணவம் போர்ச்சுகல் எல்லையில் எங்கே போயிற்று?