வளைவில் காலைச் சட்டென்று எடுக்காதீர்கள் | ரியர் வீல் டிரைவ், ஈரத்தளப் பயிற்சி

வணக்கம் மக்களே. மைக் ஓடுகிறது, சரி. இன்று வழக்கமான இரவு டிரைவ் வீடியோ கிடையாது. நம் ரியர் வீல் டிரைவ் வண்டியோடு, அதாவது எஞ்சின் பின் சக்கரங்களைச் சுழற்றித் தள்ளும் வண்டியோடு, ஈரத்தளப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன், அந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. கூடவே போன வீடியோவுக்கு வந்த சில கமெண்டுகள் மேல் கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

ஈரத்தளம் என்பது சுற்றிலும் மோத எதுவுமே இல்லாத பெரிய திடல். தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுவில் கூம்புகளை வட்டமாக வைத்திருப்பார்கள், அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டத் தேவையே வராது. காய்ந்த சாலையில் பெரிய வேகத்தில் நடப்பதெல்லாம் அங்கே நிதானமாக, நமக்குப் புரிகிற வேகத்தில் நடக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் எக்ஸாஸ்ட் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் இங்கே போயே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் செய்யச் சொன்னது... இருங்கள், அதற்கு முன்னால் சீட். சீட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

நம் மஞ்சள் வண்டியில் நான் உட்காரும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து சீட்டை ஒரே ஒரு பல், அதாவது தண்டவாளத்தில் ஒரே ஒரு படி, முன்னால் நகர்த்தச் சொன்னார். கணக்கு இதுதான்: கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். தோள் சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். ஒரு பல்லில் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? எனக்கு வண்டியே புதிதாகிவிட்டது! பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை நம் இடுப்பு கண்ணுக்கு முன்னால் கண்டுபிடிக்கும். அதற்கு இடுப்பு சீட்டுக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்க வேண்டும், பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குகிற ஆளுக்கு அந்தச் செய்தி வந்து சேராது. அந்த ஒரு பல்லுக்காகக் கேமரா ஸ்டாண்டையே இடம் மாற்றினேன், கண்ணாடிகளைத் திரும்பச் சரிசெய்தேன், மூச்சு விடாமல் சந்தோஷப்பட்டேன். நீங்கள் இப்போதே போய் உங்கள் சீட்டைப் பாருங்கள், வீடியோ எங்கேயும் போகாது.

சரி, வட்டத்துக்கு வருவோம். முன்சக்கர வண்டியிலிருந்து வருகிறவர்கள் பயப்படுவது எப்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதைப் பற்றித்தான். அந்தப் பயம் நியாயமானது. பின் டயர் வண்டியைத் தள்ளவும் வேண்டும், வளைவில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருப்பது ஒரே பிடிமானம். அதில் பெரும்பகுதியைத் தள்ளுவதற்கே செலவழித்தால் பக்கவாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, வால், அதாவது வண்டியின் பின்பக்கம், வெளியே போகும். இதை யூடியூபில் எல்லோரும் காட்டுகிறார்கள், புகை வருகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் தெரிகிறது.

யாரும் காட்டாதது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. வட்டத்தில் பிடிமானத்தின் விளிம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பயிற்சியாளர் "இப்போது காலை முழுசாக எடுங்கள்" என்றார். எடுத்தேன். எடை முன்னால் சாய்ந்தது. முன் டயர்களுக்குப் பிடி கூடியது, பின் டயர்கள் இலேசாயின. போதாததற்கு எஞ்சின் பிரேக்கிங், அதாவது காலை எடுத்ததும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, முழுவதும் அந்த இலேசான பின் டயர்கள் மேலேயே விழுந்தது. வண்டி நிதானமாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றது. பிரேக்கைத் தொடவே இல்லை! அடுத்த சுற்றில் அதே வேகம், அதே இடம், காலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னார். வண்டி அமைதியாக வேகம் குறைந்து வட்டத்திலேயே இருந்தது.

இந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது மக்களே. வளைவுக்குள் வேகம் அதிகம் என்று தோன்றும்போது உடம்பு தானாகச் செய்வது காலைப் பிடுங்குவது. அதைத்தான் மாற்றிப் பழக்க வேண்டும். தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவோமே, அந்த வேகத்தில் கால் மேலே வர வேண்டும்.

1975-இல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு இப்படித்தான் கெட்ட பெயர் வந்தது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போ தாமதமாக வந்து திடீரென்று தள்ளும். பயந்துபோய் வளைவின் நடுவில் காலை எடுத்தால், பின்னால் இருக்கும் எடை ஊசல் மாதிரி வீசிவிடும். 260 குதிரைசக்திதான், இன்றைக்கு அது பெரிய எண்ணே இல்லை.

அப்புறம் வேகம். வளைவுக்குள் பிரச்சினையே வராமல் இருக்க, ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். ஒரே வளைவை 40-க்குப் பதிலாக 60-இல் எடுத்தால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை ஒன்றரை மடங்கு கிடையாது, 2.25 மடங்கு. வேகத்தின் வர்க்கமாக ஏறும்.

வால் போய்விட்டால்? பார்வையைப் போக வேண்டிய இடத்தில் வையுங்கள், கை அந்தப் பக்கம் திருப்பும். பின்பக்கம் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கம். இதுவரை எல்லோரும் செய்துவிடுவார்கள். பிடிமானம் திரும்பும் நொடியில் ஸ்டீயரிங்கை உடனே நேராக்குவதுதான் கடினம். தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் வீசும், இரண்டாவது வீச்சு முதல் வீச்சைவிட மோசம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். "இஎஸ்சியை அணைத்து ஓட்டினால்தான் ஓட்டத் தெரிந்தவர்" என்று எழுதுகிறீர்கள். இஎஸ்சி என்பது வண்டி வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு அமைப்பு. பொதுச் சாலையில் நான் அதை அணைக்க மாட்டேன், யாரையும் அணைக்கச் சொல்லவும் மாட்டேன். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. பின்பக்கம் வழுக்கினால் வெளிப்பக்க முன் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். நம்மிடம் இருப்பது ஒரே பிரேக் பெடல். ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்தக் கில்லாடிக்கும் காலால் முடியாது. 1995-இல் மெர்சிடிஸ் எஸ்600 கூப்பேயில் வந்தது இது. 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பாவில் புதிய கார் எல்லாவற்றுக்கும் கட்டாயம். அதை அணைத்துக் கற்றுக்கொள்ள ஈரத்தளம் இருக்கிறது. எதிரே குடும்பத்தோடு இன்னொரு வண்டி வரும் சாலையில் எதற்கு?

ஆனால் இஎஸ்சியால் டயருக்கு இல்லாத பிடியை உண்டாக்க முடியாது. அதனால் டயர். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள், முன்னால் வேண்டாம். கோடைக்கால டயர் 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் விறைத்துப் பிடியை இழக்கும். கிளம்பிய முதல் சில கிலோமீட்டர்கள் டயர் குளிர்ந்தே இருக்கும், அப்போது நல்ல பிள்ளையாக ஓட்டுங்கள். காற்றழுத்தத்துக்கு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதை நிரப்பாதீர்கள். காற்றடிக்கும் இடத்து மீட்டர் ஒன்று சொல்கிறது, என் கை மீட்டர் இன்னொன்று சொல்கிறது. இந்த வித்தியாசம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பயிற்சி நாள் காலையில் நான்கு டயரையும் ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தேன், ஒரு பின் டயரில் மட்டும் காற்று குறைவு. முன்னும் பின்னும் சமநிலை மாறினால் வண்டியின் குணமே மாறிவிடும், ஆகவே சொந்த மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் அதையே நம்புங்கள்.

ஐயோ, மேனுவல் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். காலை எடுப்பதைப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஈரச் சாலையில் கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கும். வளைவில் ஹேண்ட் பிரேக் இழுத்ததற்குச் சமம். கிளட்ச் மேலே வருவதற்கு முன் ஆக்ஸிலரேட்டரைச் சிறிதாக ஒரு தட்டுத் தட்டி ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் சுழலும் வேகத்தை, ஏற்றிவிட்டால் இந்த இழுப்பு இருக்காது. அது கை வரும்வரை கியரை வளைவுக்கு முன்பே குறைத்துக் கிளட்சை மெதுவாக விடுங்கள். பெடல் மேல் வைக்கச் சின்னக் கேமரா ஒன்று தயாராக இருக்கிறது. அடுத்த வீடியோவில் என் வலது கால் என்ன செய்கிறது என்று முழுசாகக் காட்டுகிறேன். உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே அளவு டயரா, வேறு வேறா என்று கமெண்டில் போடுங்கள்.