நடுவர் இல்லாத ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கேயும் சொல்கிறேன். பிள்ளைகள் தாங்களாகவே விளையாடும்போது சண்டை வந்தால், அடிதடி ஆகாதவரை, பெரியவர்கள் நடுவில் போகாதீர்கள்.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது நடந்தது. செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். ஒருத்தன் ரன் அவுட். அவனைக் கேட்டால் அவுட்டே இல்லை. பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறான், பந்து போட்டவன் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான், ஆளாளுக்குக் கத்துகிறோம், இருட்டிக்கொண்டு வருகிறது. இப்படியே போனால் இன்றைக்கு ஆட்டமே கிடையாது என்று எல்லோருக்கும் தெரிகிறது. அப்போது ஒரு குரல், "சரி, அந்தப் பந்தை மறுபடியும் போடு." அவ்வளவுதான், ஆட்டம் தொடர்ந்தது. அதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்ற ஆசைதான் சொல்லிக்கொடுத்தது.

ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் கோலி விளையாடும் பிள்ளைகளிடம் போய், எனக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு, விதிகளைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 1932இல் அதை எழுதினார். சின்னப் பிள்ளைகள், விதி பெரியவர்கள் வைத்தது, மாற்றவே கூடாது என்றார்களாம். பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். இந்த மாற்றம் சும்மா வயது ஏறினால் வந்துவிடாது, சேர்ந்து ஆடி, சண்டை போட்டு, பேசித் தீர்த்துத்தான் வர வேண்டும் என்பது பியாஜேயின் கருத்து. நான் பார்த்த வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம், ஒப்புக்குச் சப்பாணி. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். யாரோ ஒருத்தருடைய தம்பி, நாலு வயது, நானும் வருவேன் என்று அடம்பிடிப்பான். அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை. இதில் நான் கவனித்தது என்னவென்றால், மற்றவர்களுக்கு வேகமாகப் பந்து போடும் அதே பையன், இவன் முறை வந்ததும் நாலடி முன்னால் வந்து, குனிந்து, பந்தைத் தரையோடு உருட்டி விடுவான். பட்டுவிட்டால் எல்லோரும் கை தட்டுவார்கள். தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்! வயதில் பெரியவர்களுக்கே அது லேசில் வருவதில்லை.

விளையாட்டுப் பயிற்சி வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே திறமை வளரும், உடம்புக்கும் நல்லது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது உடல் இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அங்கே அவுட்டா இல்லையா என்பதை விசில்தான் முடிவு செய்கிறது. பிள்ளைகள் தாங்களே முடிவு செய்ய ஒரு மணி நேரம், விசில் இல்லாத ஒரு மணி நேரம், அதையும் கொடுங்கள் என்கிறேன்.

தோல்வியைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். தோற்று அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "பரவாயில்லை, அடுத்த தடவை ஜெயிக்கலாம்" என்று அவசரமாகச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் அழட்டும். கை கால் கழுவிக்கொண்டு வந்து, யார் எங்கே நின்றார்கள், பந்து எப்படித் தப்பியது என்று அவனே ஆரம்பிப்பான், அவளே ஆரம்பிப்பாள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.