வீட்டு வாணலியில் சைனீஸ் உணவு

நேயர்களுக்கு வணக்கம்.

பொழுது சாய்ந்ததும் நம் ஊர்த் தெருமுனைகளில் எரியத் தொடங்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடை அடுப்புகளிலிருந்து கோபி மஞ்சூரியனும் ஃப்ரைட் ரைஸும் பொட்டலமாக வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. இவற்றைச் சைனீஸ் என்று நாம் அழைத்தாலும், கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் சமையலை ஒட்டி இந்திய நாக்குக்காகவே வளர்ந்த வகை இது. 1975-இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல் செய்த நெல்சன் வாங், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸையும் கார்ன்ஃப்ளாரையும் சேர்த்துச் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த உணவின் ருசிக்கு அடித்தளம் இஞ்சியும் பூண்டும் மிளகாயுமே என்பதால், எண்ணெயையும் உப்பையும் குறைத்தால் சுவை போய்விடும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை.

முதலில் கோபி மஞ்சூரியனை எடுத்துக்கொள்வோம். மைதாவும் கார்ன்ஃப்ளாரும் கலந்த கெட்டி மாவில் தோய்த்துப் பொரிக்கும்போது, பூவைவிட மேலே ஒட்டியிருக்கும் மாவே அதிகமாக எண்ணெயைக் குடிக்கிறது. வீட்டில், காலிஃபிளவரைச் சிறு பூக்களாகப் பிரித்து, உப்பும் மஞ்சள்தூளும் இட்ட வெந்நீரில் சிறிது நேரம் போட்டெடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. பிறகு இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு அரிசி மாவு என்ற அளவில், பூவின் மேல் மெல்லிய படலமாகப் படியும் அளவுக்கு மட்டும் மாவு பிசிறி, குழிக்குச் சில சொட்டு எண்ணெய் விட்ட பணியாரக் கல்லில் திருப்பித் திருப்பிச் சிவக்கவிட்டால் போதும். கடையின் முறுமுறுப்பு முழுமையாக வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுடச்சுடப் பரிமாறினால் குறை பெரிதாகத் தெரியாது.

நிறத்துக்கு, காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதே போதுமானது. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்கள் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்ததை நேயர்கள் அறிந்திருப்பீர்கள்.

எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நாம் உப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சில்லி சாஸ், தக்காளி சாஸ் ஆகியவற்றிலும் உப்பு இருக்க, அதற்கு மேலும் கையளவில் உப்பைத் தூவுவது கடை வழக்கம். நான்கு பேருக்கான சமையலுக்கு இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ் என்று நிறுத்திக்கொண்டு, இஞ்சி பூண்டைத் தாராளமாக நறுக்கிச் சேர்த்து, அடுப்பை அணைத்த பின் ஒரு தேக்கரண்டி வினிகரை விடுங்கள். புளிப்பு கூடும்போது உப்பின் குறை நாக்கில் உறைப்பதில்லை. உப்பு வேண்டுமா என்பதை இறுதியில் ருசி பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பலரும் அஞ்சுகிற அஜினோமோட்டோவில் சாதாரண உப்பில் உள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உண்டு. உப்பைக் குறைத்துவிட்டு ஒரு சிட்டிகை சேர்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஃப்ரைட் ரைஸுக்கு வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குளிர்ந்த பின் பயன்படுத்தினால் குறைந்த எண்ணெயிலேயே உதிரி உதிரியாக வரும். இரவு முழுவதும் வெளியில் வைத்த சோற்றைப் பயன்படுத்தாதீர்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சோற்றின் அளவுக்குச் சமமாகக் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், குடைமிளகாய் ஆகியவை இருக்கட்டும். ஆளுக்கு ஒரு முட்டை சேர்த்தால் புரதமும் கிடைக்கும். கடை அடுப்பின் சூடு வீட்டு அடுப்புக்கு வராது என்பதால், இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, இரண்டிரண்டு பேருக்கான அளவில் வதக்குவதே நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் காய்கள் நீர்விட்டுக் குழையும். அந்தக் குழைவை மறைக்கத்தான் நம் கை மீண்டும் எண்ணெய்க்கும் சாஸுக்கும் போகிறது.

நூடுல்ஸுக்கும் இதே முறை பொருந்தும். நூடுல்ஸைவிடக் காய்கள் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவே. வெங்காயத்தாளை அடுப்பை அணைத்த பிறகு தூவினால் அதன் மணமும் நிறமும் அப்படியே இருக்கும்.

நன்றி, வணக்கம்.